துவாலுவுக்குப் போன டீசல்

ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 840 கிராம். அதை எஞ்சினில் விட்டு எரித்தால் புகைபோக்கி வழியே வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் எடை 2.68 கிலோ. ஊற்றியதைவிட மூன்று மடங்கு எப்படி வந்தது? எண்ணெயில் இருக்கும் ஒவ்வொரு கார்பன் அணுவும் எரியும்போது காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே போகிறது. கூடுதல் எடை காற்றின் உபயம். மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் பேருந்து, மாலத்தீவின் மாலே படகு, பசிபிக் நடுவே தள்ளாடிக்கொண்டிருக்கும் சரக்குக் கப்பல், எதில் எரித்தாலும் இந்த 2.68தான். ஆனால் அது எந்த நாட்டின் கணக்கில் ஏறும், அல்லது யார் கணக்கிலும் ஏறாமல் தப்பிக்கும் என்பது மட்டும் இடத்துக்கு இடம் வேறு.

சின்னத் தீவு நாடுகளின் போக்குவரத்துப் புகையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, வரிசைப்படுத்தி, யார் நல்ல பிள்ளை என்று சொல்லும் அட்டவணைகள் நிறைய உண்டு. அவற்றை நம்புவதற்கு முன்னால் ஒரு லிட்டர் டீசலின் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்பது என் கட்சி. துவாலுவுக்குப் போகும் லிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்பது தீவுகள், மொத்தம் 26 சதுர கிலோமீட்டர் நிலம், ஏறக்குறைய 11,000 பேர். பெரிய கப்பல் பாதைகளிலிருந்து இவ்வளவு ஒதுங்கிக் கிடக்கும் நாடுகள் குறைவு.

அந்த லிட்டர் பாரசீக வளைகுடாவில் கச்சா எண்ணெயாகக் கப்பலேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது லட்சம் பீப்பாய் கொள்ளும் பெருங்கப்பல். ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டி, அரபிக் கடலைக் கடந்து, மாலத்தீவுக்கு வடக்கே உள்ள கடல்வழியாக இலங்கையின் தென்கரையை ஒட்டி மலாக்கா நீரிணைக்குப் போவது வழக்கமான பாதை. ஆக, முதல் தீவு நாட்டை அது வாசலோடு கடந்துவிடுகிறது. நின்றாலும் பயனில்லை, மாலத்தீவில் சுத்திகரிப்பு ஆலை கிடையாது. அங்கே டீசல் டீசலாகவேதான் வந்து இறங்க வேண்டும்.

மாலத்தீவில் தீவுகள் 1,190க்குப் பக்கம், மக்கள் ஊராகக் குடியிருப்பவை 190க்குள். சாலையின் வேலையைக் கடல் பார்க்கிறது. அங்கே அரசு வணிக நிறுவனம் வாங்கிவரும் டீசல், தலைநகர் மாலேவை அடுத்த குட்டித் தீவான ஃபுனதூவின் தொட்டிகளில்தான் நெடுங்காலம் இறங்கியது. அங்கிருந்து சிறு எண்ணெய்ப் படகுகள் பவளத்தீவுகளுக்குப் பிரித்துக் கொண்டுபோகும். 1972இல் குரும்பாவில் முதல் சுற்றுலா விடுதி திறந்தது. அதே பத்தாண்டில்தான் மாலத்தீவுத் தோணிகள் பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சினுக்கு மாறின. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற ஏற்பாட்டில் சமையல்காரரும் படகில் வர வேண்டும், தக்காளியும் படகில் வர வேண்டும், குப்பையும் படகிலேயே திரும்ப வேண்டும்.

விருந்தாளி வரும் விதம் இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவிலிருந்து பத்து மணி நேரம் பறந்து மாலேவில் இறங்குகிறார். அந்தப் பத்து மணி நேரத்துக்கு எரிந்த விமான எரிபொருள் எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேராது. ஐ.நா.வின் காலநிலை விதிப்படி, ஒரு நாட்டில் புறப்பட்டு இன்னொரு நாட்டில் முடியும் பயணத்தின் புகையைத் தனியே ஒரு குறிப்பாக எழுதிவைத்தால் போதும், கூட்டலில் சேர்க்க வேண்டியதில்லை. இறங்கியவர் அடுத்து ட்வின் ஆட்டர் கடல் விமானத்தில் ஏறி முக்கால் மணி நேரத்தில் விடுதிக்குப் போகிறார். இது உள்நாட்டுப் பயணம், முழுக்க மாலத்தீவின் கணக்கு. பிறகு இந்தப் புகையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பது எப்படி? 2022 குடிக்கணக்கின்படி அங்கே வசிப்போர் 5.15 லட்சம். 2024இல் வந்துபோன பயணிகள் 20 லட்சத்துக்கு மேல். வகுக்கும்போது பயணிகளை எண்ணுவதில்லை. தேனிலவுக்கு வந்தவரின் வேகப்படகுப் புகையும், பிரசவத்துக்கு மாலே மருத்துவமனைக்கு வருகிறவரின் படகுப் புகையும் ஒன்றாகக் கூட்டப்பட்டு, உள்ளூர்க்காரர் தலையில் சமமாக இறங்குகின்றன. 2009இல் அப்போதைய அதிபர் நஷீத் தம் அமைச்சர்களுக்கு முக்குளிப்பு உடை மாட்டி நீருக்கடியில் கூட்டம் நடத்தியது உலகத்துக்கே தெரியும். பத்தாண்டில் கார்பன் சமநிலை என்று அதே ஆண்டு அவர் அறிவித்தது நடக்கவில்லை. இப்படிப்பட்ட கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு அது எப்படி நடக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் மாலேவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த விதி சட்டென்று புரியும். காய்கறியும் கட்டுமானப் பொருட்களும் ஏற்றிக்கொண்டு போகும் அந்தத் தோணி எரிக்கும் டீசல் இந்தியாவின் மொத்தத்திலும் சேராது, மாலத்தீவின் மொத்தத்திலும் சேராது. அந்தத் தக்காளி மாலேவில் இறங்கி உள்ளூர்ப் படகு மாறிய பிறகுதான் அதன் புகைக்கு ஒரு நாடு கிடைக்கிறது.

நம் லிட்டர் இதற்குள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருக்கும். அதுவும் ஒரு சிறு தீவு நாடுதான். சிறு தீவு நாடுகளின் கூட்டணியில் துவாலுவும் மாலத்தீவும் மொரீஷியஸும் உட்காரும் அதே வரிசையில் அதற்கும் நாற்காலி உண்டு. தெற்கே உள்ள புலாவ் புக்கோம் தீவில் 1890களிலேயே மண்ணெண்ணெய்க் கிடங்கு இருந்தது. 1961இல் ஷெல் அங்கே நாட்டின் முதல் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்தது. இப்படி ஓர் ஆலையில் கச்சா எண்ணெயைச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். லேசான பெட்ரோல் மேலே ஏறும், விமான எரிபொருளும் மண்ணெண்ணெயும் அதற்குக் கீழே நிற்கும், டீசல் நடுத்தட்டில் இறங்கும், அடியில் கறுப்பாகக் கெட்டியான கசடு தங்கும். அந்தக் கசடிலிருந்து வருவதுதான் பெரிய கப்பல்களுக்குப் போடும் உலை எண்ணெய்.

கப்பல்களுக்கு எண்ணெய் விற்பதில் உலகில் முதலிடம் சிங்கப்பூருக்கு. 2023இல் மட்டும் அங்கே கப்பல்களுக்கு விற்றது 5 கோடி டன்னுக்கு மேல். எரித்தால் ஏறக்குறைய 16 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு. சிங்கப்பூர் தன் கணக்கில் காட்டும் நாட்டின் மொத்த உமிழ்வு, மின்சாரம், ஆலைகள், கார்கள் எல்லாம் சேர்த்தே, 6 கோடி டன்னுக்குள். அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட புகை அதன் துறைமுகத்தில் நிரப்பிய தொட்டிகளிலிருந்து கிளம்புகிறது. மொத்தத்தில் அது இல்லை. சிங்கப்பூர் எதையும் மறைக்கவில்லை. விதி அப்படி, குறிப்புப் பகுதியில் ஒழுங்காக எழுதித்தான் இருக்கிறது. 1997இல் கியோட்டோவில் நாடுகள் கூடி, சர்வதேசக் கப்பலையும் விமானத்தையும் அந்தந்தத் துறையின் ஐ.நா. அமைப்புகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட்டதன் தொடர்ச்சி இது.

உள்ளூரில் சிங்கப்பூர் காட்டும் கறாரையும் சொல்லியாக வேண்டும். 1990இலிருந்து கார் வாங்க முதலில் ஏலத்தில் உரிமச் சான்று எடுக்க வேண்டும். 2023இல் அந்தச் சான்றின் விலையே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. மெட்ரோவும் பேருந்தும் எந்த மூலைக்கும் போகும். போக்குவரத்துப் பட்டியலில் சிங்கப்பூர் நல்ல பெயர் எடுப்பதில் பாதிக்கு அந்த நிர்வாகம் காரணம். மீதிப் பாதிக்கு, ஒரே துண்டாக அமைந்த சின்ன நிலம்.

புக்கோம் மாதிரிக் கோபுரங்களின் அடிக்கசடு மொரீஷியஸ்காரர்களுக்கு வேறு விதத்தில் அறிமுகமானது. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் சிங்கப்பூர் வழியாக பிரேசிலுக்குப் போகிற வழியில் மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையில் பவளப்பாறை மேல் ஏறியது. ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல், கொடி பனாமாவுடையது, மொரீஷியஸில் அதற்கு எந்த வேலையும் இல்லை. ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய் காயலில் கொட்டியது. கரையோர மக்கள் துணிக்குள் கரும்புச் சோகையைத் திணித்து, நீளநீளமாகத் தைத்து, மிதக்கும் தடுப்புகளாக்கிக் கடலில் போட்டார்கள். எண்ணெயை உறிஞ்ச முடிதிருத்தகங்களிலிருந்து தலைமுடி சேகரித்தார்கள். திட்டமிட்டபடி பிரேசில் போகும் வழியில் எரிந்திருந்தால் அந்த 1,000 டன் எந்த நாட்டின் மொத்தத்திலும் வந்திருக்காது.

மொரீஷியஸின் சொந்தப் புகை சாலையில்தான். 12 லட்சத்துக்குச் சற்றே மேற்பட்ட மக்கள், ஆறு லட்சத்துக்கு மேல் பதிவான வண்டிகள். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம், நெரிசலில் மாட்டாவிட்டால். 1864இல் வந்த ரயிலை நஷ்டம் என்று 1964இல் மூடினார்கள். பிறகு 2019இல், பெரும்பாலும் இந்தியாவின் நிதி உதவியில், மெட்ரோ எக்ஸ்பிரஸ் என்று மின்ரயில் விட்டார்கள், சில இடங்களில் பழைய ரயில் பாதையின் மேலேயே. 2022இல் அது கியூர்பிப் வரை நீண்டது. டீசல் பேருந்திலிருந்து மின்ரயிலுக்கு மாறுகிறவரின் புகை போக்குவரத்து என்ற பத்தியிலிருந்து மின்சாரம் என்ற பத்திக்குப் போகிறது. மொரீஷியஸின் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியிலும் உலை எண்ணெயிலும் உண்டாவது. ரயில் நல்லதுதான், நெரிசலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் போக்குவரத்துப் பத்தியை மட்டும் பார்க்கிறவர், புகையே குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

சிங்கப்பூரில் நம் லிட்டரை ஃபிஜிக்குப் போகும் எண்ணெய்க் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஏற்றி முடித்ததும் அளவையாளர் ஒவ்வொரு தொட்டியாகப் போவார். கையில் நுனியில் குண்டு கட்டிய உலோக நாடா. குண்டில் ஒரு பசையைத் தடவி உள்ளே இறக்குவார். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் பசையின் நிறம் மாறும். பிறகு வெப்பநிலை. வெயிலில் டீசல் விரிந்து லிட்டர் கூடும், இரவில் சுருங்கிக் குறையும். அதனால் எல்லா அளவையும் 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றி எழுதுவார்கள். மாதிரிக் குப்பிகளுக்கு முத்திரை வைத்து இரு தரப்பும் கையெழுத்திடுவார்கள். காசு விஷயத்தில் இந்தத் தொழிலில் ஒரு லிட்டரும் தப்பாது.

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய், ஃபிஜியின் மேற்குக் கரையில் லௌடோகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் வுண்டா கிடங்கில் கப்பல் எண்ணெயை இறக்குகிறது. சுற்றியுள்ள சின்ன நாடுகளுக்கு அதுதான் மொத்த வியாபாரக் கிடங்கு மாதிரி. இங்கிருந்து துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டிக்கு இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பெரிய கப்பல் அவ்வளவு சின்ன ஊருக்குப் போகாது, போனாலும் அங்கே இறக்கத் தொட்டி போதாது. ஆகவே சிறு எண்ணெய்க் கப்பல். கப்பல் சிறுக்கச் சிறுக்க, ஒரு லிட்டரைச் சுமக்க எரிக்கும் எண்ணெய் கூடும். சிங்கப்பூரிலிருந்து ஃபிஜி வரை பெரிய கப்பலில் பல்லாயிரம் டன் சரக்கோடு பங்குபோட்டு வந்த டீசலுக்கு, கடைசி ஆயிரம் கிலோமீட்டர்தான் கிராக்கி. இந்த இரண்டு பயணத்தின் புகையும் துவாலுவின் மொத்தத்தில் வராது. இறக்குமதியையே நம்பி வாழும் நாட்டின் போக்குவரத்துப் புகையில் பெரும்பகுதி, அதன் போக்குவரத்துக் கணக்குக்கு வெளியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

ஃபுனாஃபுட்டியில் ஊர் இருப்பது ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல் என்று நீண்டு கிடக்கும் மெல்லிய கீற்றில். சில இடங்களில் சாலையில் நின்றபடி இரண்டு தண்ணீரையும் பார்க்கலாம். பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்கள். எவ்வளவு முறுக்கினாலும் போவதற்கு அதிகம் இடமில்லை. நாட்டின் பாதிக்கு மேற்பட்ட மக்கள் இந்த ஒரு பவளத்தீவில்தான். மின் நிலையத்து ஜெனரேட்டரும் ஓடுவது டீசலில், கப்பலும் ஓடுவது டீசலில். நாட்டுக்குள் வருவது ஒரே கப்பலில்தான். எத்தனை லிட்டர் விளக்கு எரியப் போனது, எத்தனை லிட்டர் கப்பலுக்குப் போனது என்பதை விற்றவரின் பேரேட்டை வைத்துத்தான் பிரிக்க முடியும். சின்ன நாட்டில் ஒரு கப்பல் பத்து நாள் தாமதமானால் ஆண்டுக் கணக்கே ஏறும் இறங்கும். அதை வைத்து, போன ஆண்டைவிடக் குறைந்தது, கூடியது என்று அறிக்கை எழுதுவது கொஞ்சம் துணிச்சலான காரியம்.

நம் லிட்டர் நிவாகா III கப்பலின் தொட்டிக்குப் போகிறது. ஜப்பான் கொடையாகக் கொடுத்த, ஆளையும் சரக்கையும் சேர்த்து ஏற்றும் அரசுக் கப்பல். வெளித் தீவுகளுக்கு விமானம் கிடையாது. அரிசி, மாவு, சிமென்ட், சமையல் வாயு, மருந்து, பள்ளி விடுமுறை முடிந்து வைதுப்புவில் உள்ள மோட்டுஃபோவா மேல்நிலைப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள் எல்லாம் கப்பலில்தான். கூடவே டிரம் டிரம்மாகப் பெட்ரோல், வெளித் தீவுகளின் மீன்பிடி படகுகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும்.

போகும் இடம் நனுமங்கா, வடமேற்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வழியில் மற்ற தீவுகளையும் தொட்டுக்கொண்டுதான் போகும். இந்த இரவுகளில் ஒன்றில் நம் லிட்டர் எஞ்சினுக்குள் பீய்ச்சப்பட்டு, 2.68 கிலோவாகப் புகைபோக்கியை விட்டுப் போய்விடுகிறது. இரண்டு நாடுகளுக்கு இடையே இல்லாமல் துவாலுவுக்குள்ளேயே எரிந்ததால் இது துவாலுவின் கணக்கு. வளைகுடாவிலிருந்து இது வரை வந்த தொலைவில் இதற்கென்று ஒரு நாடு கிடைத்தது இப்போதுதான்.

நனுமங்காவில் கப்பல் கரையை ஒட்ட முடியாது. பாறைத்திட்டுக்கு வெளியே எஞ்சினை நிறுத்தாமல் நின்றுகொள்ளும். பளு தூக்கி வழியாகச் சரக்கு வேலைப்படகுக்கு இறங்கும். அலை ஏறி இறங்கும் தாளத்தைப் பார்த்து, படகு மேலே வரும் நொடியில் மூட்டையை விட வேண்டும். பிந்தினால் படகு இரண்டு ஆள் உயரம் கீழே போய்விடும். பிறகு படகோட்டி அலைகளை எண்ணிக் காத்திருந்து, பெரிய அலை கடந்ததும் பாறை வெட்டின் வழியே ஒரே வீச்சில் உள்ளே போவார். கடல் கொந்தளித்தால் இந்த வேலை நாள் கணக்கில் இழுக்கும், அத்தனை நேரமும் எஞ்சின் குடித்துக்கொண்டே இருக்கும். திரும்பும்போது ஏற்ற அதிகம் இருக்காது. தலைநகரில் இருக்கும் உறவினருக்குத் தேங்காய், கருவாடு, ஒன்றிரண்டு பன்றி. கப்பல் ஏறக்குறைய காலியாகத் திரும்பும். ஐந்து பேர் ஏறினாலும் ஐம்பது பேர் ஏறினாலும் எஞ்சின் எரிப்பது அதேதான். சிங்கப்பூர்ப் பேருந்து ஓர் ஆளை ஒரு கிலோமீட்டர் சுமக்க விடும் புகையோடு இதை ஒப்பிட்டு, துவாலுக்காரர் திறமையாகப் போக்குவரத்து நடத்தவில்லை என்று எழுதினால் அதைவிட அபத்தம் இல்லை. இந்தக் கப்பலை நிறுத்தினால் துவாலுவின் போக்குவரத்துப் புகை வெகுவாகக் குறையும். நனுமங்காவில் ஆள் இருக்க முடியாது.

பக்கத்து மார்ஷல் தீவுகளில் ஒரு மாற்று முயற்சி நடக்கிறது. தென்கொரியாவில் கட்டி 2024இல் வந்துசேர்ந்த ஜூரென் ஏ என்ற சரக்குக் கப்பலுக்கு 48 மீட்டர் நீளம், மேலே பாய்மரம். ஜெர்மனி அரசின் நிதி. காற்று இருக்கும்போது பாய், இல்லாதபோது எஞ்சின். மரக்கலத்தில் பசிபிக்கையே அளந்த மார்ஷல் மாலுமிகளுக்குப் பாய்மரம் சொல்லிக்கொடுக்க வெளியாள் தேவையில்லை. தொட்டி நிறைய டீசல் மலிவாகக் கிடைத்த சில பத்தாண்டுகள்தான் இடையில் குறுக்கே வந்தன.

அதே மார்ஷல் தீவுகளின் கொடி, உலகின் மிகப் பெரிய மூன்று கப்பல் பதிவேடுகளில் ஒன்றின் கொடி. பதிவேட்டை நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து ஒரு நிறுவனம். துவாலுவுக்கும் ஒரு பதிவேடு உண்டு, அது நடப்பது நம் லிட்டர் கிளம்பிய சிங்கப்பூரில். 2012இல் ஈரானின் எண்ணெய்க் கப்பல்கள் துவாலுவின் கொடியை ஏற்றிக்கொண்டு சுற்றியதும், அமெரிக்கா முறைத்ததும் துவாலு அவற்றைப் பதிவிலிருந்து நீக்கியதும் பழைய கதை. கொடியால் பதிவுக் கட்டணம் வரும். கணக்கு விதி பார்ப்பது புறப்பட்ட இடத்தையும் போய்ச்சேர்ந்த இடத்தையும், கொடியை அல்ல.

இந்தக் கொடியை வைத்தே பேச முடியும் என்று கண்டவர் மார்ஷல் தீவுகளின் வெளியுறவு அமைச்சர் டோனி டிபிரம். 2015இல் லண்டனில் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கூட்டத்துக்கு நேரில் போய், கப்பல் துறைக்கும் ஓர் உமிழ்வு வரம்பு வேண்டும் என்று கேட்டார். யார் கணக்கிலும் சேராத புகைக்கு ஒரு வீட்டு எண் கேட்டார் எனலாம். 2017இல் காலமானார். அடுத்த ஆண்டு அந்த அமைப்பு முதல் இலக்கை ஏற்றது, 2023இல் அதை இறுக்கியது. 2021இல் மார்ஷல் தீவுகளும் சாலமன் தீவுகளும் சேர்ந்து, கப்பல் விடும் ஒவ்வொரு டன்னுக்கும் 100 டாலர் வரி போடுங்கள் என்றன. நம் லிட்டர் அளவில் பார்த்தால் 27 சென்ட். 2025 ஏப்ரலில் லண்டனில் வாக்கெடுப்புக்கு வந்த திட்டத்தில் அந்த நேரடி வரி இல்லை. வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் கட்டணம் என்று நீர்த்துப்போயிருந்தது. துவாலு உள்ளிட்ட பசிபிக் தீவுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அக்டோபரில் அந்தத் திட்டத்தையும் ஏற்காமல் ஓராண்டு தள்ளிவைத்தார்கள்.

ஏற்றிருந்தாலும் அது 5,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு மட்டும்தான். சிங்கப்பூரிலிருந்து ஃபிஜிக்கு வந்த எண்ணெய்க் கப்பல் அதற்குள் வரும். வுண்டாவிலிருந்து ஃபுனாஃபுட்டிக்கு வந்த சிறிய கப்பல் பெரும்பாலும் வராது. நிவாகா III வரவே வராது.